பழகிய மூக்கு

வீட்டுக்குள் எங்கேயோ விசில் சத்தம் கேட்டது.

குக்கர் விசில் இல்லை. அது இரைந்துவிட்டு அடங்கும். இது நூல் மாதிரி மெலிந்த சத்தம். இரண்டு விநாடி இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும். காலை மணி பத்தரை. பவதாரிணி கையில் சோப்பு நுரையோடு அடுப்படியில் நின்று, காதை மட்டும் திருப்பித் திருப்பி வைத்துக் கேட்டாள்.

கப்பலூரில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் கசிவு பார்ப்பது அவள் வேலை. காற்றடைத்த பம்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, எங்கிருந்து குமிழி வருகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு வருஷத்தில் எத்தனையோ ஓட்டைகளைப் பிடித்தவளுக்குச் சொந்த வீட்டில் ஒரு விசில் பிடிபடவில்லை.

கேஸ் குழாய் முழுக்க நுரையைத் தடவிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட எழவில்லை. குளியலறைக் குழாயை இறுக்கி மூடினாள். ஜன்னல் சந்தில் பழைய தினசரியை மடித்துச் செருகினாள். விசில் அதுபாட்டுக்குக் கேட்டது.

மிச்சம் இருந்தது உள் அறை. அங்கே அப்பா சிவபாண்டி தூங்கிக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளினாள். கீல் கிரீச்சிட்டது. விசில் நின்றுபோனது.

“என்ன பாப்பா?” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

“ஒண்ணுமில்லப்பா. தூங்குங்க.”

கதவைச் சாத்திக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தது. மூன்று தடவை இப்படியே ஆயிற்று. கதவைத் திறந்தால் நிற்கிறது, மூடினால் கேட்கிறது.

விசிலுக்கு வேண்டியது இரண்டே பொருள்: ஓடுகிற காற்று, அது நுழைந்து போக ஒரு சின்ன ஓட்டை. அந்த அறையில் ஜன்னல் திறந்துதான் கிடக்கிறது. மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறது. பிறகு எந்த ஓட்டை?

“என்னடி, பூனை மாதிரி மோப்பம் பிடிச்சுத் திரியிற?” என்றாள் அம்மா தங்கப்பொண்ணு. தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“விசில் கேக்குதும்மா. உனக்குக் கேக்கல?”

“டவுன் பஸ்ஸு எதுவும் அடுப்படிக்குள்ள வந்திருக்கும். கண்டக்டரப் பாத்து டிக்கெட்ட வாங்கிக்க.”

தாயும் மகளும் பகலில் ஒன்றாக வீட்டில் இருப்பது அபூர்வம். மகளுக்குக் கம்பெனி, தாய்க்கு ஜவுளிக்கடையில் கூட்டித் துடைக்கும் வேலை. சிவபாண்டிக்கு ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் இரவு வாட்ச்மேன் வேலை. அவர் வீட்டில் தூங்குகிற நேரத்தில் மற்ற இருவரும் வெளியே இருப்பார்கள். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

இன்று இருவரும் லீவு போட்டிருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கோரிப்பாளையத்தில் நெஞ்சு டாக்டர் அசோக்குமாரைப் பார்க்க வேண்டும். போன வாரமும் போனார்கள். 

எட்டு மாதமாகச் சிவபாண்டிக்கு இருமல். மாடிப்படி ஏறினால் இரைக்கிறது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு நிழல். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று இரண்டு தடவை வந்தும், டாக்டர் காசநோய் மாத்திரைதான் எழுதினார். ஆறு மாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி படம் எடுக்கலாம் என்றார்.

“முந்தி அப்பா குரோம் முலாம் பூசுற பட்டறையில பதினாலு வருஷம் இருந்தாரு சார். அதால இருக்குமா?” என்று போன வாரம் பவதாரிணி கேட்டாள்.

டாக்டர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். “தொழில் வாட்ச்மேன்னு போட்டிருக்கு. பீடி குடிச்சிருக்காருன்னும் இருக்கு.”

“வாட்ச்மேன் பன்னண்டு வருஷமாத்தான் சார். பீடிய எங்க அம்மாவக் கட்டுறதுக்கு முந்தியே விட்டுட்டாரு.”

“பன்னண்டு வருஷம் கழிச்சு ரத்தத்துல தேடுனா ஒண்ணும் சிக்காதும்மா. பட்டறையில இருந்ததுக்கு எழுத்துல ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க.”

தகரப் பெட்டியைக் குடைந்ததில் பட்டறையில் கொடுத்த இ.எஸ்.ஐ. அட்டை ஒன்று கிடைத்தது. படம் சிவபாண்டி மாதிரியும் இருந்தது, யார் மாதிரியும் இல்லாமலும் இருந்தது, அவ்வளவு வெளிறிப்போயிருந்தது. பெயர் மட்டும் தெளிவாக இருந்தது: கருப்பு.

கருப்பு, சிவபாண்டியின் அண்ணன். பட்டறையில் எட்டாவது படித்தவனைத்தான் எடுப்போம் என்றார்கள். அண்ணன் எட்டு படித்திருந்தான், தம்பி மூன்று. வயல் கூலிக்குப் போகப் பிடிக்காத தம்பி, அண்ணனின் சர்டிபிகேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். பதினாலு வருஷம் அந்தப் பட்டறையில் அவன் பெயர் கருப்புதான். பட்டறையை மூடியும் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. காகிதத்தைக் கேட்டால், சிவபாண்டி என்ற மனிதர் அதன் வாசலை மிதித்ததே கிடையாது. நிஜமான கருப்போ வாடிப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் தம்பி பேசி ஏழு வருஷம் ஆகிறது.

ஆறு மாதம் காத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதுதான் பவதாரிணியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அம்மாவின் தம்பி சின்னான் மாமாவுக்கும் ஆறு மாதம் மாத்திரை என்றுதான் சொன்னார்கள். அவர் ஐந்தாவது மாதம் போய்விட்டார். அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

உள்ளேயிருந்து மறுபடி விசில் இழுத்தது. இந்தத் தடவை தங்கப்பொண்ணுவுக்கும் கேட்டது. கீரை உருவிய கை அப்படியே நின்றது.

“இது எந்தம்பி சத்தம்ல” என்றாள்.

“யாரு, சின்னான் மாமாவா?”

“அவன் தூங்குனா இப்பிடித்தான் அடிக்கும். ‘இந்த மனுசன் தூக்கத்துல கண்டக்டரு மாதிரி பஸ்ஸ நிப்பாட்டுறாரு’ன்னு அவன் பொண்டாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நாங்களும் சிரிப்போம். விசிலுன்னே பேரு வச்சுக் கூப்புட்டோம்டி அவன.”

பவதாரிணி கதவுப் பக்கம் போகவில்லை. கொல்லைப்புறம் சுற்றிக்கொண்டு போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். வாய் மூடியிருந்தது. நெஞ்சு ஏறும்போது விசில் இழுத்தது, இறங்கும்போது நின்றது.

விழித்திருக்கும்போது மூச்சு வாங்குவதால் வாயைத் திறந்துகொண்டே இருப்பார். தூங்கும்போதுதான் காற்று மூக்கு வழியாகப் போகிறது. கதவு கிரீச்சிட்டால் விழித்துவிடுவார், விசிலும் நின்றுவிடும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது பிடிபட்டது. ஏன் என்பது பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் அவளுக்கு உறைத்தது. அப்பாவும் மாமாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. மூக்கு வாட்டம் பரம்பரையாக வந்திருக்க முடியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அப்பா வேலை பார்த்த, மாமாவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்ட அந்தப் பட்டறை.

செல்போனை ஜன்னல் கம்பிக்குள் நீட்டி ஒரு நிமிஷம் பதிவு செய்துகொண்டாள்.

*

பஸ்ஸில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். “பட்டறையில நீங்க என்னதான்ப்பா செய்வீங்க? ஒருநாளும் முழுசாச் சொன்னதில்ல.”

அவருக்கு முகம் கொஞ்சம் மலர்ந்தது. “கேக்க ஆளில்லையே பாப்பா.”

இருமி முடித்துச் சொல்ல ஆரம்பித்தார். தொட்டி நிறைய குரோமிக் ஆசிட், ஆரஞ்சு கலரில், இரும்புச்சட்டியில் கொதிக்கிற ரசம் மாதிரி இருக்கும். பைக் ஹேண்டில்பாரை நன்றாக பாலிஷ் போட்டு, கொக்கியில் மாட்டி உள்ளே தொங்கவிட வேண்டும். கரண்ட் கொடுத்தால் ஆசிட்டில் கரைந்திருக்கிற குரோம் வந்து இரும்பில் படியும்.

“தூக்கிப் பாத்தா, உன் மொகம் தெரியும் பாப்பா அதுல. கண்ணாடி தோத்துப்போகும்.”

“குடுக்குற கரண்டு அம்புட்டும் முலாமா மாறிருமா?”

“எங்க மாறுது? பத்துல ஒரு பங்கு, ஒண்ணரைப் பங்குதான் முலாமு. மிச்ச கரண்டு தண்ணியப் பிரிச்சு கேஸா விட்ரும். தொட்டி பூராம் நுரைச்சுக்கிட்டே கெடக்கும்.”

பன்னீர் சோடாவை உடைத்து டம்ளரில் ஊற்றி, அதன்மேல் மூக்கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஒவ்வொரு குமிழியும் மேலே வந்து வெடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளியை எகிறவிடும். மூக்கில் ஊசி குத்தின மாதிரி இருக்கும். அங்கே சோடாவுக்குப் பதில் ஆசிட். எட்டு மணி நேரம் அதன்மேல் குனிந்துதான் வேலை.

“கைக்குட்டைய வச்சுச் சிந்துனா மஞ்சளா வரும். ஷிப்டு முடிஞ்சா ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி குடுப்பாரு மொதலாளி. ஆசிட்ட முறிக்கும்னு.”

“முறிச்சுச்சா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பஸ் வைகைப் பாலத்தில் ஏறியது. ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஒரு கோடு போல ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

*

டாக்டர் அசோக்குமாருக்கு ஐம்பது வயது இருக்கும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிற களைப்பு முகத்தில் தெரிந்தது. அட்டையை வாங்கிப் பார்த்தார்.

“கருப்புன்னு இருக்கு. உங்க அப்பா பேரு சிவபாண்டில்ல?”

பவதாரிணி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். டாக்டர் அட்டையை மேஜைமேல் வைத்து, அவள் பக்கம் நகர்த்தினார்.

“நீங்க சொல்றது பொய்னு நான் சொல்லலம்மா. ஆனா இத வச்சு நான் என்ன எழுதுறது?”

“அத விடுங்க சார். இத மட்டும் கேளுங்க.” போனை எடுத்து அந்த ஒரு நிமிஷத்தை ஓடவிட்டாள்.

விசில் இழுத்தது, நின்றது, இழுத்தது.

டாக்டர் முதலில் ஆஸ்துமா இழுப்பு என்றுதான் நினைத்தார் போலிருக்கிறது. கையை உயர்த்தி ஏதோ சொல்ல வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டுக் குனிந்து கேட்டார்.

“நெஞ்சுச் சத்தம் இல்லையே இது. மூக்குல இருந்தா வருது?”

“ஆமா சார்.”

அவர் சிவபாண்டியின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். “ஐயா, பட்டறையில இருக்கும்போது மூக்குல ரத்தம் வந்திருக்கா?”

“மொத ரெண்டு வருசம் வந்துச்சுங்க சார். எரிச்சலும் இருக்கும். அப்புறம் பழகிருச்சு.”

“பழகிருச்சுன்னா?”

“நின்னுரும் சார். எல்லாத்துக்கும் அப்பிடித்தான். மூக்கு பழகுற வரைக்கும் புதுப்பய. ரத்தம் நின்னு எரிச்சலும் நின்னுருச்சுன்னா அவன் தொட்டிக்காரன். அன்னைக்கி சீனியர் ஆளு அவனுக்குப் புரோட்டா வாங்கிக் குடுக்கணும். அது எங்க பட்டறை வழக்கம்.”

டாக்டர் இழுப்பறையிலிருந்து பேனா மாதிரி ஒரு டார்ச்சை எடுத்தார். சிவபாண்டியின் மூக்கு நுனியைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கி, இடது துவாரத்தில் வெளிச்சத்தைக் காட்டி, வலது துவாரத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

“இங்க வாம்மா.”

பவதாரிணி பார்த்தாள். இடப்பக்கம் வைத்த வெளிச்சம், வலப்பக்கம் வெள்ளையாக ஒரு பட்டாணி அளவுக்கு வந்து நின்றது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். இரண்டு துவாரத்துக்கும் நடுவே குருத்தெலும்புச் சுவர் ஒன்று இருக்கிறது. அந்த எலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற தோல்தான் அதற்குச் சோறு போடுகிறது. இழுக்கிற காற்று முதலில் மோதுவது அங்கேதான். ஆசிட் துளி தினமும் விழுந்து தோலை அரிக்கிறது. அதனால்தான் ரத்தம், எரிச்சல். இரண்டு பக்கத் தோலும் போன பிறகு நடுவில் இருக்கும் எலும்பு பட்டினியில் செத்து உதிர்ந்துவிடுகிறது.

“வலிக்காது. ரத்தம் வர அங்க தோலே இல்ல. அதனாலதான் எல்லாம் நின்னுபோகுது. நீங்க பழகிருச்சுன்னு நெனச்சது, ஓட்டை விழுந்த நாள்ங்க ஐயா.”

சிவபாண்டி மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தன்னுடையதா என்று சந்தேகப்படுகிறவர் மாதிரித் தொட்டார்.

“எனக்கு ஐப்பசி மாசம் பழகுச்சு” என்றார். “சின்னானுக்கு அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு. நாந்தான் கூட்டிட்டுப் போயி புரோட்டா வாங்கிக் குடுத்தேன். ‘மாமா, இன்னொரு செட்டு சொல்லுங்க’ன்னான். சொன்னேன்.”

தங்கப்பொண்ணு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு டாக்டரைப் பார்த்துக் கேட்டாள். “அவனையும் நீங்கதான சார் பாத்தீங்க?”

“யாரம்மா?”

“சின்னான். எந்தம்பி. நாலு வருசமாச்சு. சிரிச்ச மொகமா இருப்பான். காசநோய்னு மாத்திரை குடுத்தீங்க.”

டாக்டர் நினைவுபடுத்திப் பார்த்தார். 

“என்ன வேலைன்னு அவர்ட்ட கேட்டிருப்பேன்” என்றார் கடைசியில்.

“அப்ப ஆட்டோ ஓட்டுனான் சார். ஆட்டோன்னுதான் சொல்லியிருப்பான்.”

“ஆமா. நானும் அதுக்கு மேல கேட்டிருக்க மாட்டேன்.” டார்ச்சை அணைத்து மேஜைமேல் வைத்தார். “மூக்கப் பாத்திருக்கணும்மா. பாக்கல.”

வெளியே அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்துபோய் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சீட்டில் ‘வாட்ச்மேன்’ என்ற சொல்லை அடித்து, மேலே எழுதினார்: குரோம் முலாம் தொட்டி, பதினாலு வருஷம். மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை.

“குரோம் மூக்கோட நிக்கிறதில்ல. நுரையீரலுக்கும் போகும். இருபது வருஷம் கழிச்சுக்கூடப் புத்துநோயா வெளிய வரலாம். அந்த நிழல் அதுவா இல்லையான்னு தெரியாம ஆறு மாசம் உக்காந்திருக்க முடியாது. நாளைக்கே சி.டி. ஸ்கேன். வேணும்னா ஊசி வச்சு சதை எடுத்துப் பாக்கலாம். மாடியில காது மூக்கு தொண்டை டாக்டர் இருக்காங்க. இந்த ஓட்டைய அவங்களும் பாத்து எழுதட்டும்.”

“அந்த அட்டை சார்?” என்றாள் பவதாரிணி.

“வைத்தியத்துக்கு அது வேணாம். தொழில்ல வந்த நோய்னு சர்க்கார் பதிவுல ஏத்தணும்னா வேணும். அந்தப் பேருல வேலை பாத்தது தம்பிதான்னு உங்க பெரியப்பா எழுதிக் குடுக்கணும். கூட வேலை பாத்தவங்க யாராச்சும் சாட்சி சொன்னா இன்னும் நல்லது.” சிவபாண்டியைப் பார்த்தார். “எத்தனை பேர் இருந்தீங்க?”

“தொட்டியில ஒம்போது பேரு சார்” என்றார் சிவபாண்டி. “சின்னான் போக எட்டு.”

*

லாட்ஜில் லீவு சொல்லிவிட்டு வர ஆரப்பாளையத்தில் இறங்கினார்கள். வழியில் சிவபாண்டி அண்ணனுக்குப் போன் போட்டார். ஏழு வருஷத்தில் முதல் தடவை. முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். இரண்டாவது மணியிலேயே யாரோ துண்டித்தார்கள்.

“தோப்புல வேலையா இருப்பாக” என்றாள் தங்கப்பொண்ணு.

“இருட்டப் போகுது. தோப்புல என்ன வேலை?” என்று அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். “என் பேரக் கெடுத்துட்டியேன்னு அன்னைக்கே சொன்னாரு. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக் கேக்கப் போறேன்.”

லாட்ஜுக்கு எதிரே டீக்கடை. பாய்லர் பக்கத்தில் நின்றவர் அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வாங்க கருப்பண்ணே. என்ன, குடும்பத்தோட விசயம்?”

அந்தப் பெயரால் அப்பாவைக் கூப்பிடுகிற ஆளைப் பவதாரிணி முதல்முறையாகப் பார்த்தாள்.

“விருமாண்டி. ரெண்டாம் தொட்டி” என்றார் அப்பா, அவள் காதருகே. “பன்னண்டு வருசமா தெனமும் இவன்கிட்ட டீ குடிக்கிறேன். ஒருநாளும் மூக்கப் பத்திப் பேசுனதில்ல.”

“மாமா, தூங்கும்போது உங்களுக்கு விசில் அடிக்குமா?” என்று கேட்டாள் பவதாரிணி.

விருமாண்டி சிரித்தார். “முந்தி அடிக்கும் பாப்பா. இப்ப ரெண்டு மூணு வருசமா இல்ல. சரியாப்போச்சு.”

சின்ன ஓட்டைதான் விசில் அடிக்கும். பெரிதாகிவிட்டால் காற்று சத்தமில்லாமல் போய்வரும். பம்ப் கம்பெனியில் முதல் வாரமே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதை அவரிடம் சொல்லாமல் செல்போன் டார்ச்சைப் போட்டாள்.

“கொஞ்சம் மொகத்தத் தூக்குங்க மாமா.”

“என்ன பாப்பா, கஞ்சா கேஸா?” என்று சிரித்தபடியே தூக்கினார். பார்த்தாள். அப்பாவுக்குப் பட்டாணி அளவு இருந்தது இவருக்குப் பத்துப் பைசா அளவு இருந்தது.

“என்ன தெரியுது?” என்றார் விருமாண்டி. அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

சிவபாண்டி அவர் தோளில் கை போட்டுக் கடைக்குள் கூட்டிப்போனார். “மூணு டீ போடு. உன்கிட்ட ஒரு விசயம் பேசணும்.”

பவதாரிணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்பாவும் விருமாண்டியும் போக மிச்சம் ஆறு பேர். ஆளுக்கு ஓர் ஊரில், ஆளுக்கு ஒரு வேலையில் இருப்பார்கள். எந்த டாக்டர் கேட்டாலும் இப்போது பார்க்கிற வேலையைத்தான் சொல்வார்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பவும், அவர்கள் போகிற டாக்டரிடம் காட்டவும் போனில் டைப் செய்தாள்:

“மூக்கு நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கவும். ஒரு துவாரத்தில் டார்ச் வெளிச்சம் வைத்து, மறு துவாரத்தைப் பார்க்கவும். மங்கலான சிவப்பாகத் தெரிந்தால் நடுச்சுவர் இருக்கிறது. வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்டை. ஓட்டை இருந்தால், இப்போது என்ன வேலை என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டு, அதைச் சீட்டில் எழுதி, அன்றைக்கே நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லவும்.”